சுவர் குடித்த வெல்லம்: கடற்கோட்டைச் சாந்து பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆவடியிலிருந்து திருமுல்லைவாயிலுக்குப் போகும் வழியில், பழைய தெரு ஒன்றில் நின்றிருந்த மெட்ராஸ் டெரஸ் தளமிட்ட வீடு ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் இடித்தார்கள். தேக்கு உத்தரங்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் விலை பேசி வண்டியேற்றி அனுப்பிய பிறகு, விலைபோகாத செங்கற்குவியலைப் பள்ளம் நிரப்ப வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்த அந்த மனையின் ஓரத்தில், கைக்கு அடக்கமான காரைக்கட்டி ஒன்று என் காலில் இடறிற்று. எடுத்துப் பார்த்தேன். பழுப்பேறிய வெண்மை, அதன் ஊடே செங்கற்பொடியின் சிவப்புப் புள்ளிகள், அங்கங்கே மிளகளவில் தூய வெண்முடிச்சுகள், ஒரு விளிம்பில் நகக்கண் அளவுக்கு, உட்புறம் முத்துப்போல் மினுங்கும் கிளிஞ்சற் சில்லு ஒன்று. கடற்கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் உள்ளடங்கிய இந்த ஊருக்குக் கிளிஞ்சல் தானாக நடந்து வந்திராது. யாரோ உப்பங்கழியில் அதை வாரி, யாரோ காளவாயில் சுட்டு, யாரோ படகிலும் வண்டியிலும் ஏற்றி, யாரோ செக்கில் அரைத்து, யாரோ மொட்டைமாடியில் அடித்து இறுக்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டியின் ஒரு துணுக்கைக் கண்ணாடி டம்ளரில் இட்டு, அதன்மேல் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தேன். உடனே நுரைத்தது. சாற்றை இருமுறை மாற்றிய பிறகு வெண்மையெல்லாம் கரைந்துபோய், அடியில் மணலும் செங்கற்பொடியும் மட்டும் தங்கின. சாந்தில் சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கண்டறிய ஆய்வுக்கூடத்தார் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டு செய்யும் முதற் பரிசோதனையும் சாராம்சத்தில் இதுவேதான். ஆனால் அந்த நுரைப்பில் ஒரு விஷயத்தை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை: கிளிஞ்சற் சில்லும் சுண்ணாம்போடு சேர்ந்தே நுரைத்துக் கரைந்துகொண்டிருந்தது. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு எது, சூட்டுக்குத் தப்பிய கிளிஞ்சல் எது என்று அமிலத்துக்குப் பேதம் தெரியாது. கடற்கரைக் கோட்டைகளின் பழஞ்சாந்தை ஆராய்வோருக்கு உள்ள தலையாய சங்கடம் இதுவே; இந்தக் கட்டுரையும் அதைச் சுற்றியே செல்வது.

கல்லில்லாத கரையில் எழுந்த கோட்டைகள்

சோழமண்டலக் கடற்கரையைப் போலக் கோட்டை கட்டுவதற்கு ஒவ்வாத கரையைத் தேடிப்பிடிப்பது அரிது. எங்கும் மணல், மணலுக்குப் பின்னால் உப்பங்கழி, கைக்கெட்டும் தூரத்தில் சுண்ணாம்புப் பாறை இல்லை. ஆயினும், 1613-இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்பேரில் டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். 1639-இல் சென்னையில் இடம் பெற்ற ஆங்கிலேயர் அடுத்த ஆண்டே செயின்ட் ஜார்ஜ் கோட்டை வேலையைத் தொடங்கினர். சதுரங்கப்பட்டினத்தில் மற்றுமொரு டச்சுக் கோட்டை. கடப்பாக்கத்துக்கு அருகே, 1750-இல் முசாபர் ஜங் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு வழங்கி, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த ஆலம்பரைக் கோட்டை. இவையெல்லாம் வெவ்வேறு கொடிகளின் கீழ் எழுந்தவை. வெவ்வேறு பாஷை பேசியவர்கள் வரைபடம் வரைந்தவை. ஆனால் செங்கல்லையும் செங்கல்லையும் பிணைத்த சாந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அதைக் கலந்த கைகளும் ஒரே கரையைச் சேர்ந்தவை.

கல் இல்லாத குறையைக் கழி தீர்த்துவைத்தது. பழவேற்காடு, எண்ணூர் முதலிய உப்பங்கழிகளின் சேற்றடியில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த மட்டியும் ஆளியும் கணக்கில் அடங்காதவை. கிளிஞ்சலின் எடையில் 100-க்கு 95 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட்டே; களிமண் கலப்பு ஏறக்குறைய இல்லை. அதனால்தான் அந்தச் சுண்ணாம்பு பாலைப்போல் வெளுத்தது. மெருகேற்றினால் சலவைக்கல்லைப்போல் பளபளத்தது. மேனாட்டுப் பயணிகள் 'மெட்ராஸ் சுனம்' என்று வியந்த பூச்சு இதுதான். சுண்ணம் என்ற நம் சொல்லே ஆங்கில அகராதிக்குள் 'சுனம்' என்று குடியேறிற்று. சென்னையின் ஊர்ப்பெயர்களிலும் அந்தத் தொழில் படிந்து கிடக்கிறது: செங்கற்சூளைகள் எரிந்த இடம் சூளை ஆயிற்று, சுண்ணாம்புக் கால்வாய் என்றும், சுண்ணாம்புக் கொளத்தூர் என்றும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

1732-ஆம் ஆண்டின் சமையற்குறிப்பு

பழஞ்சாந்தைப் பற்றி நம்மிடையே உலவும் கதைகளுக்குக் குறைவில்லை. முட்டையும் வெல்லமும் கலந்ததால்தான் அந்தச் சுவர்கள் நிற்கின்றன என்று சொல்லாத ஊர் இல்லை. பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கும் இந்தச் செய்திக்குச் சென்னையைப் பொறுத்தவரையில் எழுத்துச் சாட்சி ஒன்று உண்டு. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராயிருந்த ஐசக் பைக் என்பவர், மெட்ராஸில் மிகச் சிறந்த சாந்து செய்யும் முறையை விவரித்து அனுப்பிய குறிப்பு ஒன்றை, லண்டன் ராயல் சொஸைட்டியார் 1732-இல் தங்கள் சஞ்சிகையில் அச்சிட்டனர். சலித்த குழிமணல் 15 புஷல், கற்சுண்ணாம்பு 15 புஷல். நீற்றி இரண்டு மூன்று நாள் ஆறவிட்டபின், 20 பவுண்டு வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து அடிக்க வேண்டும். பயறு வகை ஒன்றைக் கூழாகக் காய்ச்சி வடித்த நீரும், கடுக்காயைக் காய்ச்சிய நீரும் அதனுடன் சேர வேண்டும். சாந்து உலர உலர இந்த நீரைத் தெளித்துத் தெளித்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் குறிப்பைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 30 புஷல் என்பது ஒரு கன மீட்டரை ஒட்டிய அளவு. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். வெல்லமோ 9 கிலோ. ஆக, நூற்றில் ஒரு பங்குகூட வெல்லம் இல்லை. கதைகளில் சுவரையே தாங்கி நிற்பதாகச் சொல்லப்படும் அந்த வஸ்து, கலவையில் இருந்தது கறியில் உப்பின் அளவுக்குத்தான். உப்பு அளவில் சிறிதாயினும் கறியின் சுவையை நிர்ணயிப்பது போல, அந்தச் சிறு பங்கும் தன் காரியத்தைச் செய்தது என்பதை ரசாயனம் பின்னால் காட்டிற்று. தண்ணீரில் சுண்ணாம்பு கரைவது அற்பம். ஒரு லிட்டரில் 2 கிராமுக்கும் குறைவே. வெல்லம் சேர்ந்தால் அது பன்மடங்கு கரைகிறது. கரைந்த சுண்ணாம்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் ஊர்ந்து சென்று அங்கே இறுகுகிறது. பயற்றின் புரதம், அடிக்கும்போது சாந்துக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களைச் சிறைப்படுத்துகிறது. கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் இனிப்பும் புளிக்கும்போது எழும் கரியமிலவாயு, சுண்ணாம்பு உள்ளிருந்தே கல்லாக மாறத் துணைசெய்கிறது என்பது, வேலூர் வி.ஐ.டி.யிலும் பிற இடங்களிலும் இத்தகைய கலவைகளைத் திரும்பச் செய்து சோதித்தவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. பசை மிகுந்த அரிசிக் கஞ்சியைச் சாந்தில் கலந்த சீனத்து மரபை ஆராய்ந்த செஜியாங் பல்கலைக்கழகத்தாரும், அரிசியிலுள்ள அமைலோபெக்டின் என்ற மாப்பொருள் சுண்ணாம்புப் படிகங்கள் பெரிதாகாமல் தடுத்து நெருக்கமாக அடுக்குகிறது என்று 2010-இல் வெளியிட்டனர். அவர்கள் அரிசியைப் பிடித்தார்கள், நாம் வெல்லத்தைப் பிடித்தோம், தத்துவம் ஒன்றே.

இங்கே தொழிலறிந்தவர் சொன்னது ஒன்று நினைவுக்கு வருகிறது. என் வீட்டு மாடியில் தட்டோடு பெயர்ந்தபோது பார்க்க வந்த முதிய கொத்தனாரிடம் அந்தக் கட்டியைக் காட்டினேன். கட்டியைப் புரட்டிப் பார்த்து, நகத்தால் கீறி, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "சிமெண்டுல ஒரு பிடி சர்க்கரை விழுந்தா வேலை கெட்டுச்சுங்க ஐயா, சுண்ணாம்புக்கு அதுதான் சாப்பாடே" என்றார். சர்க்கரை சிமெண்டின் இறுக்கத்தைத் தாமதப்படுத்திக் கெடுக்கும் என்பதைப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்கின்றன. தாமதம் சிமெண்டுக்குத் தீங்கு. நாட்கணக்கில் அடிபட வேண்டிய சுண்ணாம்புக்கோ அந்தத் தாமதமே அவகாசம்.

பைக் எழுதிவைத்த குறிப்பில், ரசாயன நூல்கள் மேற்கோள் காட்டாமல் தாண்டிச் செல்லும் சிறு செய்தி ஒன்று உண்டு. வெல்லமும் பயறும் கடுக்காயும் சேர்ந்த அந்த நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்துவிடுவது வழக்கமாம். வேலையாட்கள் அதைக் குடித்துவிடாமல் இருப்பதற்காக! சாந்துக்கு வார்த்த நீர், அதை அடித்தவர்களுக்கு ஆகாரமாகத் தோன்றியிருக்கிறது. தோன்றக்கூடாதென்று அதைக் காரமாக்கியிருக்கிறார்கள். கோட்டையை எழுப்பிய கவர்னர்களின் பெயர்கள் பித்தளைத் தகட்டிலும் பளிங்கிலும் இருக்கின்றன. வெயிலில் நின்று சாந்தடித்தவர்களின் பசி இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும், எழுதியவர் அறியாமலே, பதிவாகிவிட்டது.

ஆய்வுக்கூடம் படிக்கும் முறை

குறிப்பு சொல்வது கலவையில் என்ன போட்டார்கள் என்பதை. ஆய்வுக்கூடம் காண்பது சுவரில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதை. இரண்டுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளின் மழையும் உப்புக்காற்றும் கிருமிகளும் உட்கார்ந்திருக்கின்றன. வெல்லத்தின் இனிப்பைக் கிருமிகள் எப்போதோ உண்டு தீர்த்திருக்கும், புரதம் சிதைந்திருக்கும், மாப்பொருள் மிஞ்சியிருந்தால் அயோடின் துளி பட்டு நீலம் காட்டும், இல்லையேல் இல்லை. ஆதலின், பழஞ்சாந்தில் வெல்லத்தின் சுவடு கிடைக்கவில்லை என்பதால் வெல்லம் கலக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு; கர்ணபரம்பரையாக வந்ததென்பதால் கலந்தே இருந்தது என்று சாதிப்பதும் தவறு.

முதற்காரியம், சரியான துண்டைத் தேர்ந்தெடுப்பது. கோட்டைச் சுவர் என்பது ஒரே நாளில் எழுதி முடித்த ஏடு அல்ல. முற்றுகைக்குப் பின் ஒட்டு, புயலுக்குப் பின் ஒட்டு, பொதுப்பணித் துறையின் ஒட்டு என்று பல கைகள் திருத்திய சுவடி. செயின்ட் ஜார்ஜ் கோட்டையையே எடுத்துக்கொண்டால், 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, 1749-இல் திரும்பக் கொடுத்தபின், பீரங்கிக் கணிதத்தில் பேர்பெற்ற பெஞ்சமின் ராபின்ஸ் போன்றோர் திட்டமிட்டு மதில்களை மாற்றியமைக்கும் வேலை தொடங்கிற்று. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை. அதன் பிறகும் வேலை நீண்டது. வெளிப்புறத்தில் சுரண்டியெடுத்த சாந்து எந்தக் காலத்தது என்று யார் சொல்வது? ஆகவே, மேற்பூச்சைக் கடந்து, பிற்கால ஒட்டு இல்லாத ஆழத்தில், உளியால் மெல்லத் தட்டிச் சில கிராம் மட்டும் எடுக்கிறார்கள். எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து வெப்பத்தின் சாட்சி. சாந்துத் தூளைத் துல்லியமான தராசில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற்றினால், அதன் எடை படிப்படியாகக் குறைகிறது. முதலில் ஈரம் போகிறது; 200-இலிருந்து 600 பாகை வரையில், செங்கற்பொடியோடு சுண்ணாம்பு கூடி உண்டான சேர்மங்களுக்குள் கட்டுண்ட நீர் விடுபடுகிறது; 600-க்கு மேல் கால்சியம் கார்பனேட் தன் கரியமிலவாயுவைக் கக்குகிறது. 100 பங்கு கார்பனேட்டில் 44 பங்கு வாயு என்பது மாறாத கணக்கு. ஆகவே 1,000 மில்லிகிராம் சாந்து இந்தக் கடைசிக் கட்டத்தில் 220 மில்லிகிராம் இழந்ததானால், அதில் இருந்த கார்பனேட் 500 மில்லிகிராம் என்றும், அதற்காகக் கொத்தனார் இட்ட சுட்ட சுண்ணாம்பு 280 மில்லிகிராம் என்றும் சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம், கடற்கரையாக இல்லாவிட்டால்! நம் எலுமிச்சம்பழச் சோதனையில் வந்த சங்கடம் இங்கேயும் வந்து நிற்கிறது. காளவாயில் சரியாக வேகாத சில்லும், கடல்மணலோடு கலந்து வந்த சில்லும் அதே வாயுவைத்தான் கக்கும். கணக்கில் சுண்ணாம்பு மிகுந்து காட்டும். அதை நம்பிப் பழுதுபார்க்கும் சாந்தைக் கலந்தால், பழைய சாந்தைவிடக் கொழுத்த சாந்து உண்டாகும், காயும்போது வெடிக்கும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது கிளிஞ்சலின் பிறவிக்குணம். உயிருள்ள பிராணி தன் ஓட்டைக் கட்டும்போது, கால்சியம் கார்பனேட்டைப் பல வேளைகளில் அரகோனைட் என்ற படிக வடிவத்தில் அடுக்குகிறது. ஓடு நன்றாகச் சூடேறிவிட்டால் அந்த வடிவம் நிலைப்பதில்லை. கால்சைட்டாக மாறி, பின்னும் சூடேறி 900 பாகையை ஒட்டி வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. அந்தச் சுண்ணாம்பு நீற்றப்பட்டு, சுவரில் மறுபடி காற்றைக் குடித்து இறுகும்போது பெரும்பாலும் கால்சைட்டாகவே இறுகுகிறது. ஆக, எக்ஸ்ரே கதிர்ச்சிதறலில் சாந்துக்குள் அரகோனைட் தென்பட்டால், அது பெரும்பாலும் காளவாயின் நெருப்பைக் காணாத கிளிஞ்சல் என்று சந்தேகிக்க இடமுண்டு. சந்தேகத்தைத் தீர்க்க, சாந்தை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, முனைவாக்கிய ஒளியில் உருப்பெருக்கியின் கீழ் வைக்கிறார்கள். வளையல் அடுக்கியதுபோன்ற ஓட்டின் படலங்கள் அங்கே பிரத்யட்சமாகத் தெரியும். கிளிஞ்சல் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடிகிறது. சில்லுகள் மிகுந்து கிடந்தால், விறகு குறைந்த காளவாயையோ அவசரத்தில் நடந்த வேலையையோ ஊகிக்கலாம். சிறு வெண்முடிச்சுகள், நீற்றிய சுண்ணாம்பு மணலோடு முழுதும் கூடாமல் நின்றதைக் காட்டும். ஒரு வகையில் இது கையெழுத்து ஆராய்ச்சி. கொத்தனாரின் பெயர் கிடைக்காவிட்டாலும் கை கிடைத்துவிடுகிறது.

தூய்மை செய்த துரோகம்

கிளிஞ்சற் சுண்ணாம்பின் தூய்மையைப் புகழ்ந்தேன். அந்தத் தூய்மையே கடற்கோட்டைக்கு விரோதமாவதும் உண்டு. தூய சுண்ணாம்பு காற்றைக் குடித்தே இறுகும். தண்ணீருக்குள் அது இறுகாது. இந்த உண்மையைச் சோதனையால் முதலில் நிறுவியவர் இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன். 1756 முதல் 1759 வரை அலை மோதும் எடிஸ்டன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிய அவர், பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களை அமிலத்தில் கரைத்து, அடியில் களிமண் தங்கும் கல்லே நீரடியில் இறுகும் சுண்ணாம்பைத் தருகிறது என்று கண்டார். சாந்தை அமிலத்தில் கரைத்து வண்டலைப் படிக்கும் விஞ்ஞானம் ஒரு கடற்கட்டடத்தின் தேவையிலிருந்தே பிறந்தது.

அதற்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து துறைமுகங்கள் கட்டினர். கடல்நீர் அந்தக் கலவைக்குள் ஊறி, டோபர்மோரைட் முதலிய புதிய தாதுக்களை வளர்த்து, நாளாக ஆக அதை உறுதிப்படுத்திற்று என்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி விளக்குகிறது. நம் கரையில் எரிமலை இல்லை; ஆனால் சூளை உண்டு. செங்கல்லை இடித்த பொடி, அதாவது நம் கொத்தனார்கள் சுருக்கி என்று சொல்வது, எரிமலைச் சாம்பலின் வேலையை ஓரளவு செய்கிறது. அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி நீருக்கு அஞ்சாத பிணைப்பை உண்டாக்குகின்றன. கோட்டையின் ஒரே சுவரில் அடித்தளத்துச் சாந்து சிவந்தும் மேற்சுவரின் சாந்து வெளுத்தும் இருக்கக் கண்டால் அதை வெறும் கைவசத்துப் பொருளின் பேதமாக எண்ணிவிடலாகாது. ஈரம் ஏறும் இடம் எது, காற்று உலாவும் இடம் எது என்று அறிந்து கலந்த யுக்தியாகவும் இருக்கக்கூடும். வெப்பச் சோதனையில் கட்டுண்ட நீரின் அளவு அதைச் சொல்லிவிடும்.

உப்பின் தினசரி முற்றுகை

பீரங்கிகளின் முற்றுகை மாதக்கணக்கில் முடிந்தது. உப்பின் முற்றுகை தினந்தோறும் நடக்கிறது. மழைக்கால இரவில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதை எல்லாரும் பார்த்திருப்போம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 100-க்கு 75 என்ற எல்லையைத் தாண்டும்போது கறியுப்பு காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைகிறது. அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகிறது. சென்னைக் கடற்கரையில் இரவும் விடியலும் அந்த எல்லைக்கு மேலும், பல நாட்களில் நண்பகல் அதற்குக் கீழும் இருக்கும். ஆகவே சுவரின் துளைகளுக்குள் புகுந்த உப்பு இரவில் கரைந்து, பகலில் படிகமாகி, படிகமாகும்போதெல்லாம் துளையின் சுவர்களை நெருக்குகிறது. நூறாண்டு என்றால் எத்தனை ஆயிரம் நெருக்கல்கள்!

பழஞ்சாந்தின் மேன்மை இங்கேதான் விளங்குகிறது. அது கடினத்தில் இல்லை, விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, துளைகள் நிறைந்தது. சுவருக்குள் ஏறிய ஈரம் சாந்தின் வழியே மூச்சுவிட்டு வெளியேறுகிறது. உப்பு, சாந்திலேயே படிகமாகிச் சாந்தையே தின்கிறது. செங்கல் தப்புகிறது. சில தலைமுறைக்கு ஒருமுறை தேய்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசிவிட்டால் சுவர் மீண்டும் இளமையடையும். பயற்றுப் புரதம் அடைத்துவைத்த குமிழ்களும் உப்புப் படிகத்துக்கு இடங்கொடுக்கும் சிற்றறைகளாகின்றன. நறுக்கென்று உடையாமல் நெளிந்து கொடுக்கும் குணமும் அதற்கு உண்டு.

இந்தத் தர்மத்தை அறியாமல், பழஞ்சுவர் தேய்ந்துவிட்டதே என்று பரிவுகொண்டு, சென்ற நூற்றாண்டில் பல இடங்களில் சிமெண்டால் பூசினார்கள். பரிவில் குற்றமில்லை, பண்டத்தில்தான் குற்றம். சிமெண்டுப் பூச்சு கடினமானது, மூச்சு விடாதது. வெளியேற வழியற்ற ஈரம் உப்போடு செங்கல்லுக்குள் திரும்புகிறது. இப்போது உப்பு தின்பது செங்கல்லை. சில ஆண்டுகளில் செங்கல் பொடிந்து குழிவிழ, இடையிலுள்ள சிமெண்டு மட்டும் வரப்புபோல் நீட்டிக்கொண்டு நிற்க, சுவர் தேன்கூட்டைப்போல் ஆகிவிடுகிறது. சாந்தின் ஆராய்ச்சி வெறும் கல்விக்காக மட்டும் அல்ல என்பது இதனால் தெளிவாகும். கலவை விகிதம், மணலின் பருமன், துளைகளின் அளவு, உப்பின் அளவு ஆகியவற்றை அறிந்தால்தான் பழைய சுவருக்கு ஒத்த, அதனினும் சற்றே மென்மையான சாந்தைக் கலக்க முடியும். பழுதுபார்ப்பவனின் சாந்து, விருந்தாளியைப்போல் வீட்டாருக்கு அடங்கியிருக்க வேண்டும்.

இதில் சரித்திரத்தின் குறும்பு ஒன்றும் உண்டு. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904-இல் நடந்தது சென்னையில்தான். அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டதும் கடற்கிளிஞ்சலே. அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பை விரட்டவந்த பண்டமும் முதன்முதலில் அதே கிளிஞ்சலின் வாசலில்தான் வந்து நின்றது.

குமிழியின் வயது

என் டம்ளருக்குத் திரும்புகிறேன். நீற்றிய சுண்ணாம்பு இறுகுவது என்பது, அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை வாங்கிக் கல்லாவதே. வாங்குவது எந்தக் காற்றிலிருந்து? கட்டிய ஆண்டின் காற்றிலிருந்து. அந்தக் காற்றிலிருந்த கதிரியக்கக் கரியும் வாயுவோடு சேர்ந்து சாந்துக்குள் சிறைப்பட்டு, மரம் வெட்டுண்ட நாளிலிருந்து அதன் கரி தேய்வதுபோலத் தேயத் தொடங்குகிறது. சாந்தின் வயதை இப்படிக் கணிக்கலாம் என்று 1960-களிலேயே முயன்றார்கள். முறை அழகானது; கடற்கரையில் மட்டும் கிளிஞ்சல் மீண்டும் குறுக்கிடுகிறது. வேகாத ஓட்டின் கரி, சுவர் கட்டிய ஆண்டுக்கு உரியது அல்ல. அந்தப் பிராணி கழியில் வாழ்ந்த காலத்துக்கு உரியது. அதைப் பிரிக்காமல் கணக்கிட்டால், சுவர் தன்னைக் கட்டியவனைவிட மூத்ததாகிவிடும். அமிலம் பட்டதும் முந்திக்கொண்டு எழும் வாயு பெரும்பாலும் நுண்ணிய சுண்ணாம்பினுடையது, பிந்தி எழுவது கெட்டியான ஓட்டினுடையது என்ற நம்பிக்கையில், முதல் வாயுவைத் தனியே பிடித்து அளக்கிறார்கள்.

அன்று டம்ளரில் பரபரவென்று எழுந்த முதற் குமிழிகள், இந்த ஆவடி வீட்டின் தளத்தைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து, கடுக்காய் நீர் தெளித்து, மீண்டும் அடித்த நாட்களின் காற்று. சில்லின் ஓரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிந்தி வந்தவை, அதற்கும் முன்னே கழியின் சேற்றில் ஒரு மட்டி இழுத்துக்கொண்டவை. வெல்லத்தின் சுவடு அதில் இல்லை. தேடினாலும் என் எலுமிச்சம்பழத்துக்கு அது கிடைக்கப்போவதில்லை. கட்டியின் மீதியைக் கரைக்காமல் மேசையின்மேல் வைத்திருக்கிறேன். மழை நாட்களில் தொட்டால் சற்றே குளிர்கிறது. இன்னும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது.